ஹன்னாவின் தலையில் மூன்று புள்ளிகள்

டம டம டம டம டம!

இரும்புக் கதவை யாரோ சம்மட்டியால் உடைப்பது போல எம்.ஆர்.ஐ. இயந்திரம் இடிக்கத் தொடங்கியதும் ஜெமிமா நாற்காலியிலேயே துள்ளிவிட்டாள். காதில் பஞ்சு, அதன்மேல் கனமான காதுமூடி. அப்படியும் சத்தம் பல்லுக்குள் இறங்கியது. ஆனால் அந்த வெள்ளைக் குகைக்குள், அவ்வளவு இடிக்கும் நடுவில், அவளுடைய மூன்று வாரக் குழந்தை ஹன்னா அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மயக்க மருந்து எதுவும் இல்லை. வயிறு முட்டப் பால் கொடுத்து, துணியில் இறுகச் சுற்றி, காதை மூடித் தூங்க வைத்து உள்ளே தள்ளினால் போதும் என்று டெக்னீஷியன் ஹேமநாத் சொன்னபோது ஜெமிமா நம்பவில்லை. இப்போது நம்பினாள். குழந்தையின் பாதத்தைத் தொட்டபடி உட்கார்ந்து, ஒவ்வொரு இடிக்கும் ஒரு மூச்சு விட்டாள்.

திடீரென்று சத்தம் நின்றது.

"முடிஞ்சுதா?" என்று வாயசைத்துக் கேட்டாள். கண்ணாடிக்கு அப்பால் உட்கார்ந்திருந்த ஹேமநாத் அவளைப் பார்க்கவில்லை. திரைக்கு முகத்தைக் கிட்டத்தில் கொண்டுபோனான். பின்னுக்கு வந்தான். மறுபடியும் கிட்டத்தில் போனான். அப்புறம் போனை எடுத்தான். மைக்கை அணைக்க மறந்துவிட்டான் போலிருக்கிறது, காதுமூடிக்குள் இருந்த ஸ்பீக்கரில் அவன் குரல் பஞ்சையும் மீறிக் கேட்டது.

"மேடம், ஒக்கசாரி ரண்டி! வெண்டனே!"

சித்தூரில் தெலுங்கு மீடியம் படித்தவளுக்கு அது புரியாமல் போகுமா? ஒருமுறை வாங்க மேடம், உடனே. நல்ல செய்திக்கு யாரும் டாக்டரை இப்படி அவசரமாகக் கூப்பிடுவதில்லை.

ஜெமிமா குழந்தையின் பாதத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

கர்ப்பத்தின் மூன்றாம் மாதத்தில், புனேயில், அவளுக்கு லேசாகக் காய்ச்சல் வந்தது. உடம்பெல்லாம் சிவப்புத் தடிப்பு. நாலு நாளில் சரியாகிவிட்டது. அக்கம்பக்கத்தில் கர்ப்பிணிகளுக்கெல்லாம் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதால் அவளும் கொடுத்தாள். முடிவு வந்தது: ஜிகா. கொசுவால் வரும் வைரஸ். தாய்க்கு ஒன்றும் செய்யாது. வயிற்றிலிருக்கும் குழந்தையின் மூளையை மட்டும் தேடிப் போகும்.

அன்றிலிருந்து அவளும் கணவன் டைட்டஸும் ஒழுங்காகத் தூங்கியதில்லை. பிரசவத்துக்குச் சித்தூருக்கு, தகப்பன் வீட்டுக்கு வந்தாள். அம்மா இல்லாத வீடு. ஆனால் அப்பா, பாஸ்டர் ஏசுரத்தினம், அம்மாவின் வேலையையும் சேர்த்துச் செய்பவர். குழந்தை பிறந்தது. தலைச் சுற்றளவு வளர்ச்சி அட்டையின் கோட்டுக்குள்தான் இருந்தது, ஆனால் அடி விளிம்பில். உச்சிக்குழி வழியாக எடுத்த அல்ட்ராசவுண்டில் தவறாக எதுவும் தெரியவில்லை.

"அதுல எல்லாம் தெரியாதும்மா," என்று சொல்லிவிட்டார் சித்தூர் குழந்தை டாக்டர் நாகபூஷணம். "மூளையோட வெளி ஓரம் அதுல சரியா விழாது. தல அளவு சரியா இருந்தும் உள்ள சேதம் ஆன கேஸ் உண்டு. திருப்பதி போயி எம்.ஆர்.ஐ. எடுத்துடுங்க. அப்பதான் நிம்மதி."

நிம்மதியைத் தேடித்தான் இன்று காலை மூன்று பேரும் குழந்தையோடு ரயிலேறினார்கள். வழியில் பாகாலாவில் வண்டி நின்றபோது பாஸ்டர் மட்டும் பிளாட்பாரத்தில் இறங்கி வேகமாக நடந்தார். "எங்க நைனா?" என்று அப்பாவைப் பார்த்து ஜெமிமா ஜன்னல் வழியாகக் கத்தினாள். "டீ குடிச்சுட்டு வரேன் பாப்பா!" வண்டி நகரும்போதுதான் மூச்சு வாங்க ஓடிவந்து ஏறினார். டீயே தொடாத மனுஷன் பாகாலாவில் ஏன் டீ குடிக்க வேண்டும் என்று யோசிக்க ஜெமிமாவுக்கு அப்போது மனசில் இடமில்லை.

ஸ்கேன் சென்டரில் குழந்தையை உள்ளே எடுத்துப் போகும் முன் அவர் ஜெபம் செய்தார். தலைத்துணியை விலக்கி, அந்த அடர்ந்த கறுப்பு முடிக்குள் விரல்களை வைத்து, கண்ணை மூடி நீண்ட ஜெபம். "ஆமென்" சொல்லிவிட்டு விரல்களைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

இப்போது கண்ணாடிக்கு அப்பால் டாக்டர் விஷ்ணுப்ரியா ஏறக்குறைய ஓடிவந்தார். ஸ்கேன் படங்களைப் படிக்கும் டாக்டர். அவருடைய அப்பா மேலே திருமலைக் கோயிலில் பிரபந்தம் சேவிப்பவர், மகள் கீழே மூளைகளைப் படிக்கிறாள் என்று சென்டரில் சொல்லிச் சிரிப்பார்கள். அவர் இப்போது சிரிக்கவில்லை.

ஜெமிமா காதுமூடியைக் கழற்றி எறிந்துவிட்டு அந்த அறைக்குள் நுழைந்தாள். பின்னாலேயே, வெளியே காத்திருந்த டைட்டஸும் பாஸ்டரும்.

"மேடம், எங்கிட்ட மறைக்காதீங்க. இன்னா இருக்குது அதுல?"

விஷ்ணுப்ரியா அவளை நேராகப் பார்த்தார். "உட்காருங்கோ. மறைக்கப் போறதில்லை. இங்கே பாருங்கோ."

திரையில் ஹன்னாவின் மூளை. சாம்பல் நிறத்தில், அழகாக மடிந்து மடிந்து. அதன் மேல் ஓரத்தில், உச்சிக்குச் சற்று வலப்பக்கம், மூன்று கறுப்பு ஓட்டைகள். கரையான் அரித்தது போல.

"இந்த வகைப் படத்துல சுண்ணாம்புப் படிவு கறுப்பா விழும். ஜிகா வந்த குழந்தைகளுக்கு மூளையோட வெளிப்பட்டைக்கு அடியில, அனேகமா இந்த ஓரத்துலதான், சுண்ணாம்பு படியும்."

டைட்டஸ் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"அப்ப... வந்துடுச்சா?" என்றாள் ஜெமிமா. "நடக்குமா எம் பொண்ணு? பேசுமா?"

"கர்த்தாவே..." என்றார் பாஸ்டர். ஹேமநாத் ஒரு நாற்காலியை அவர் பக்கம் தள்ளினான்.

"இருங்கோ!"

விஷ்ணுப்ரியாவின் குரல் திடீரென்று மாறியிருந்தது. மவுஸின் சக்கரத்தை முன்னுக்கும் பின்னுக்கும் உருட்டிக்கொண்டிருந்தார். படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின.

"ஹேமநாத், ஈ எட்ஜ் சூடு! இந்த ஓரத்தைப் பாரு!"

"எந்த ஓரம் மேடம்?"

"தோலோட ஓரம்! தலை உருண்டையா வரணும். இங்கே மட்டும் எலி கடிச்சாப்போல இருக்கு. தோல் போயிடுத்து, எலும்பு வளைஞ்சு தெரியறது, பக்கத்துல பளிச்சுன்னு ஒரு வெள்ளைக் கோடு வேற. மூளைக்குள்ள படிஞ்ச சுண்ணாம்பு வெளியில இருக்கற தோலை எப்படிக் கடிக்கும்?"

ஹேமநாத்தின் கண்கள் விரிந்தன. "மேடம்... மெட்டலா?"

"அதுவும் மூணும் ஒரே பக்கம், பக்கத்துல பக்கத்துல, வரிசையா! ஜிகா இப்படி வரிசை கட்டி வராது. ரெண்டு பக்கமும் சிதறிக் கிடக்கும்." அவர் எழுந்தே விட்டார். "அம்மா, குழந்தை தலையில என்ன இருந்துது? கிளிப்? ஊக்கு?"

"ஒண்ணும் இல்ல மேடம்! இடுப்புக் கயிறுகூட இல்ல. எங்க வூட்ல அதெல்லாம் கட்றதில்ல."

"நான் செக் பண்ணித்தான் மேடம் உள்ள அனுப்பினேன்," என்றான் ஹேமநாத், வேலை போய்விடும் என்ற பயத்தில்.

விஷ்ணுப்ரியா பதில் சொல்லாமல் ஸ்கேன் அறைக்குள் பாய்ந்தார். தூங்கும் குழந்தையை இயந்திரத்திலிருந்து வெளியே எடுத்து, தலைத்துணியை விலக்கி, முடியை விரலால் பிரித்துப் பார்த்தார். கறுப்பு முடி. அதற்குள் ஒன்றும் தெரியவில்லை. ஒரு பஞ்சை எடுத்து உச்சிக்கு வலப்பக்கம் அழுத்தித் துடைத்தார்.

பஞ்சு கன்னங்கரேலென்று வந்தது.

"மை!" என்று கத்தினார். அந்த டாக்டர் கத்தி அந்தச் சென்டரில் யாரும் கேட்டதில்லை. "கண் மை! திருஷ்டிப் பொட்டு! மூணு பொட்டு!"

ஹன்னா விழித்துக்கொண்டு வீரிட்டாள்.

"மையா?" டைட்டஸுக்குப் புரியவில்லை. "மை எப்படி மேடம் மூளைக்குள்ள தெரியும்?"

"இந்த மெஷினே ஒரு பெரிய காந்தம். கடையில விக்கற சில மையில கறுப்புக்காக இரும்புப் பொடி கலப்பா. அது தலைமேல இருந்தா, சுத்தியிருக்கற படத்தையே முழுங்கிடும். பச்சைக் குழந்தைக்கு மண்டையோடு மெல்லிசு. அதனால மூளை வரைக்கும் கறுப்பு இறங்கிடுத்து. இந்த வகைப் படத்துல சுண்ணாம்பும் கறுப்பு, இரும்பும் கறுப்பு!"

"அப்ப எம் பொண்ணுக்கு ஒண்ணும் இல்லியா?" ஜெமிமா டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதை நான் இன்னும் சொல்லலை. மைக்கு அடியில நிஜமாவே சுண்ணாம்பும் இருக்கலாம். சி.டி. எடுத்தா உடனே தெரிஞ்சுடும், ஆனா இத்தனை சின்னக் குழந்தைக்குத் தேவையில்லாம கதிர் பாய்ச்ச மாட்டேன். தலையைச் சுத்தம் பண்ணிட்டு மறுபடி இதையே எடுப்போம். முதல்ல, மை வெச்சது யாரு? இன்னும் எங்கேயாவது வெச்சிருக்கான்னு தெரியணும்."

ஜெமிமாவுக்கு ரத்தம் கொதித்தது. அவள் வீட்டில் மை டப்பாவே கிடையாது. போன ஞாயிறுதான் அப்பா பிரசங்கத்தில் முழங்கினார்: கர்த்தர் காக்கிற பிள்ளைக்குக் கறுப்புப் பொட்டு எதுக்கு, எலுமிச்சம்பழம் எதுக்கு? முன்வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் தலையாட்டினார்கள். பிறகு அதே கூட்டம் வீட்டுக்கு வந்து குழந்தையை வளைத்து வளைத்துப் பார்த்தது. "இதான் அந்த ஜொரம் வந்த புள்ளையா? பாத்தா தெரியலியே" என்று ஒருத்தி தலையைத் தடவியே பார்த்தாள். அன்று இரவு அப்பா சாப்பிடவில்லை.

யாராக இருக்கும்? ஒரே ஒரு பெயர்தான் தோன்றியது. குழந்தையைக் குளிப்பாட்ட வரும் எதிர்வீட்டு மணியம்மா. ஜெமிமா போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"மணியக்கா, கொழந்த தலையில மை வெச்சியா?"

"எம்மா! நானா?" அந்தக் குரல் அறை முழுக்க நிறைந்தது. "மொத நாளு நான் கன்னத்துல வெச்ச பொட்ட உங்க நைனா ஈரத்துணி போட்டு அழிச்சாரு. அதோட உட்டாரா? ஒரு பிரசங்கமே பண்ணாரு, நான் சாம்பிராணிக் கரண்டிய கையில புடிச்சிக்கினு நிக்கிறேன், நெருப்பே அணைஞ்சுபோச்சு! மறுபடியும் வெப்பனா?"

"பொய் சொல்லாதக்கா. இங்க ஸ்கேன்ல தப்பா காட்டுது."

"காலைல நான்தான தலைக்கு ஊத்தி அனுப்பினேன்? பால் மாதிரி சுத்தமா இருந்துச்சு புள்ள. ஏய் ஜெமிமா, கேட்டுக்கோ. நான் வெச்சா ஊரே பாக்குறாப்புல கன்னத்துல வெப்பேன். திருஷ்டிப் பொட்டுன்னா அடுத்தவன் கண்ணுல படணும், அதுக்குத்தான அது! முடிக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்குதுன்னா, வெச்சவங்க யாருக்கோ பயந்துக்கினு வெச்சிருக்காங்க. அவங்கள புடி, என்ன உடு!"

இணைப்பு அறுந்தது. ஹேமநாத் சிரிப்பை அடக்க இருமினான்.

காலையில் சுத்தம். அப்படியானால் ரயிலேறிய பிறகு. ஜெமிமா மெதுவாகத் திரும்பிக் கணவனைப் பார்த்தாள்.

"என்ன ஏன் மொறைக்கிற? எனுக்கு மை எந்தக் கடையில விக்குதுன்னே தெரியாது!"

"உங்கம்மா போன்ல சொல்லிக் குடுத்தாங்களா?"

"ஜெமி, எங்கம்மாவ இழுக்காத. மாமா, நீங்களே சொல்லுங்க, நான் செய்வனா?"

பாஸ்டர் சுவரில் இருந்த தீயணைப்பு அறிவிப்பை வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தார். "மாப்ள செய்யமாட்டாரு பாப்பா," என்றார் திரும்பாமல்.

"சண்டை அப்புறம்!" என்று விஷ்ணுப்ரியா கை தட்டினார். "அடுத்த பேஷன்ட் காத்துண்டிருக்கா. இந்த மை எண்ணெய்ப் பசை, லேசில போகாது."

"மொட்டை போட்டுடலாமா மேடம்?" என்றான் ஹேமநாத். "திருப்பதியில அதுக்கா ஆள் இல்ல? கூப்ட்டா ஓடி வருவாங்க."

டைட்டஸ் திகைத்தான். "பாஸ்டரு பேத்திக்குத் திருப்பதியில மொட்டையா? சித்தூருக்குத் திரும்பிப் போக முடியுமா நாங்க? சபையில எங்கள உள்ள உடுவாங்களா?"

"போட்டுடுங்க!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சொன்னவர் பாஸ்டர்.

"நைனா?"

"முடி தான பாப்பா, மொளைச்சுக்கும். சபைக்கு நான் சொல்லிக்கிறேன். கொழந்தைக்கு ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சா போதும். போட்டுடுங்க." நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது அவருக்கு. ஏசி அறையில்.

"பச்சை மண்டையில பிளேடெல்லாம் வேண்டாம்," என்றார் விஷ்ணுப்ரியா. "தேங்காய் எண்ணெயும் பேபி ஷாம்பூவும் வாங்கிண்டு வாங்கோ. ஓடுங்கோ!"

டைட்டஸ் ஓடினான். மலையிலிருந்து இறங்கிச் சந்தனம் பூசிய மொட்டைத் தலைகளோடு நடைபாதையை நிறைத்துப் போன ஒரு பஸ் கூட்டத்தைப் பிளந்துகொண்டு, மெடிக்கல் ஷாப் கவுன்டரில் முட்டி நின்று, தெலுங்கும் தமிழும் கலந்து எதையோ உளறி, சில்லறையைக்கூட வாங்காமல் திரும்பி ஓடிவந்தான்.

கைகழுவும் தொட்டி அருகில் குழந்தையை ஜெமிமா பிடித்துக்கொள்ள, விஷ்ணுப்ரியாவே சட்டைக் கையை மடித்துக்கொண்டு எண்ணெய் தடவி, ஷாம்பூ போட்டு, வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினார். கறுப்புத் தண்ணீர் ஓடியது. மறுபடியும் எண்ணெய். மறுபடியும் ஷாம்பூ. ஒவ்வொரு முறையும் புதுப் பஞ்சால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கடைசியில் பஞ்சு வெள்ளையாகவே வந்தது. ஹன்னா இத்தனை நேரமும் ஊரைக் கூட்டி அழுதாள்.

"நன்னா அழட்டும். அழற சத்தமே தெம்பா இருக்கு," என்றார் டாக்டர். "தலையைத் துவட்டிப் பால் குடுங்கோ. தூங்கினாத்தான் படம்."

ஆனால் தூங்க வேண்டுமே! குடித்துவிட்டு அந்தக் குட்டிப் பெண் கண்ணை உருட்டி உருட்டி விளக்கைப் பார்த்தாள். ஜெமிமா ஆட்டினாள். டைட்டஸ் தாலாட்டுகிறேன் என்று ஏதோ ஒரு கிரிக்கெட் கமென்ட்ரியை மெல்லிய குரலில் சொல்லிப் பார்த்தான். பாஸ்டர் கையை நீட்டினார், பிறகு என்ன நினைத்தாரோ, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு பழைய ஞானப்பாட்டை முனகினார். இரண்டாவது சரணத்தில் ஹன்னாவின் இமைகள் ஒட்டின.

"யாரும் தலையைத் தொடக்கூடாது!" என்று கிசுகிசுத்தார் விஷ்ணுப்ரியா. "ஜெபம் பண்றதுன்னாலும் தூர நின்னு!"

டம டம டம டம டம!

இந்த முறை ஜெமிமா உள்ளே உட்காரவில்லை. டைட்டஸை அனுப்பிவிட்டுத் திரையின் முன் நின்றாள். எது வந்தாலும் முதலில் தானே பார்க்க வேண்டும். விஷ்ணுப்ரியாவின் நாற்காலி முதுகை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

முதல் படம் வரி வரியாகத் திரையில் விழுந்தது.

"தோல் ஓரம்?" என்றார் விஷ்ணுப்ரியா தனக்குள். "முழுசா இருக்கு. கடி இல்லை."

அடுத்தது. அடுத்தது. சுண்ணாம்பைக் கறுப்பாகக் காட்டும் அந்த வகைப் படங்கள் வரத் தொடங்கின. ஹேமநாத் எழுந்து நின்றுவிட்டான். கீழிருந்து மேலாகப் படங்கள் ஏறின. காது மட்டம். நெற்றி மட்டம். உச்சி நெருங்கியது.

"இதுதான் அந்த இடம்," என்றார் டாக்டர்.

சாம்பல். சுத்தமான சாம்பல். ஓட்டை இல்லை.

"மேடம்?"

"பேசாதீங்கோ. இன்னும் இருக்கு." சக்கரம் உருண்டது. "மடிப்பெல்லாம் வயசுக்குச் சரியா இருக்கு. ஜிகா கைவெச்சிருந்தா இது வழவழன்னு போயிருக்கும். உள்ளே தண்ணி இருக்கற அறைகள்... வீங்கலை. வலது மூளையையும் இடது மூளையையும் சேர்க்கற பாலம்... இதோ, முழுசா, எத்தனை அழகா இருக்கு பாருங்கோ! சுண்ணாம்பு எங்கேயும் இல்லை."

அவர் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. "உங்க பொண்ணோட மூளைப் படம் நன்னா இருக்கும்மா."

ஜெமிமா கத்திய கத்தலில் வெளியே காத்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவள் டாக்டரைக் கட்டிக்கொண்டாள், பிறகு ஹேமநாத்தையே கட்டிக்கொண்டாள். கண்ணாடிக்கு அப்பாலிருந்த டைட்டஸுக்குச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. ஜெமிமா இரண்டு கட்டைவிரலையும் உயர்த்திக் காட்டியதும் அங்கேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். பாஸ்டர் "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று சொல்லிக்கொண்டே மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கைக்குட்டை கறுப்பாக இருந்தது. அவசரமாகப் பாக்கெட்டில் திணித்தார்.

குழந்தை மடிக்கு வந்த பிறகு விஷ்ணுப்ரியா எல்லோரையும் உட்கார வைத்தார்.

"கேட்டுக்கோங்கோ. படம் நன்னா இருக்குன்னா பாதிக் கிணறு தாண்டியாச்சு. கண் பார்க்கணும், காது பார்க்கணும். கழுத்து நிக்கறதா, குப்புற விழறதா, எல்லாம் அந்தந்த மாசத்துல நடக்கறதான்னு நாகபூஷணம் டாக்டர் பார்த்துண்டே இருப்பார். அவர் கேட்டா இன்னொரு தடவை படம் எடுப்போம்."

"எத்தினி தடவ வேணா வரேன் மேடம்," என்றாள் ஜெமிமா.

"வரலாம். ஆனா அன்னிக்குத் தலையில ஒரு துளி மை இருந்துதுன்னா, மெஷினைப் போடவே மாட்டேன். எங்காத்துலயும் குழந்தைக்கு மை வெப்பா, நான் தப்பு சொல்லலை. இந்த அறைக்குள்ள தலையில மட்டும் கூடாது. வெச்சவா யாராயிருந்தாலும் சொல்லிடுங்கோ."

"யாருன்னு மட்டும் எனுக்குத் தெரியட்டும், அப்புறம் இருக்குது," என்றாள் ஜெமிமா. டைட்டஸ் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டான்.

கிளம்பினார்கள். வாசல் வரை போன பாஸ்டர், மகளையும் மருமகனையும் முன்னால் விட்டுவிட்டு, ஏதோ மறந்தவர் போலத் திரும்பி வந்தார். விஷ்ணுப்ரியாவின் மேஜைக்கு அருகில் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார். ஆனால் ஆயிரம் பேருக்கு மைக் இல்லாமல் பிரசங்கம் செய்த குரல். தாழ்த்தினாலும் வாசல் வரை கேட்டது.

"டாக்டரம்மா, அடுத்த தடவ நான் உள்ளங்கால்ல வெச்சுட்டா, படத்துல உழாது இல்ல?"